எரிமலைச் சாம்பலில் ஒரு பந்தயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பழைய குறிப்பு ஒன்றில் "ஜப்பான்காரர்கள் பந்தயம் கற்றது தார் ரோட்டில் அல்ல" என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரி என்னை விடவில்லை. நரேன் கார்த்திகேயன் ஓட்டுகிறார் என்பதற்காக சூப்பர் ஃபார்முலா என்ற ஜப்பானியக் கார் பந்தயத் தொடரைப் பார்க்கத் தொடங்கியவன் நான். அதற்குமுன் எனக்குத் தெரிந்த ஜப்பானியப் பந்தயம் ஃபார்முலா ஒன் வீரர் செனா ஓட்டிய சுசூகா தளம் மட்டும்தான்.

என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவர், "அவங்க வெள்ளைக்காரனைக் காப்பி அடிச்சு, பணத்தைக் கொட்டி ஜெயிச்சவங்க. 1964ல ஹோண்டா ஃபார்முலா ஒன்னுக்கு வர்றதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? விவரமாக எழுத முடியுமா?

அன்புடன்,
ஆர்.,
கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

அந்த வரி கடனாகவே நின்றுவிட்டது, தீர்த்துவிடுகிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி, அதை மறைக்க வேண்டியதில்லை. யமஹாவின் முதல் பைக்கான ஒய்ஏ-1, ஜெர்மன் டிகேடபிள்யூ ஆர்டி125ஐ எதிரே வைத்துக்கொண்டு செய்தது. அதைச் செய்தவர்கள் ஆர்மோனியம், பியானோ செய்துகொண்டிருந்த கம்பெனிக்காரர்கள். போர்க்காலத்தில் விமான புரொப்பெல்லர் செய்ய வாங்கிப்போட்ட இயந்திரங்கள் சும்மா கிடந்தன. அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்ததில் பிறந்த பைக் அது. காப்பிதான். ஆனால் வண்டியைப் பார்த்துச் செய்துவிடலாம், ஓட்டிப் பார்க்க ரோடு வேண்டுமே? 1950களின் ஜப்பானில் ஊருக்கு வெளியே தார் ரோடு என்பதே அபூர்வம். பந்தயத்துக்கென்று நிரந்தரத் தளம் ஒன்றும் இல்லை. அதனால் ஜப்பானியப் பந்தய வரலாற்றை நான் தரையின் வரலாறாகத்தான் படிக்கிறேன். எந்த மண்ணில் ஓடினார்கள் என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

1924லிருந்து தொடங்குகிறேன். டோக்கியோவில் ஆர்ட் ஷோக்காய் என்று ஒரு கார் ஒர்க்‌ஷாப். முதலாளி யூசோ சகாகிபாரா. பந்தயப் பித்துப் பிடித்த மனிதர். அமெரிக்க கர்ட்டிஸ் விமானத்திலிருந்து கழற்றிய பழைய எஞ்சின் ஒன்று அவர் கைக்கு வந்தது. எட்டு சிலிண்டர், எட்டு லிட்டருக்கும் மேல். அதை மிச்செல் என்ற அமெரிக்கக் காரின் சேசிஸில் உட்கார்த்தினார்கள். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டிருந்த ஒரு கிராமத்துப் பையன், பகல் வேலை முடிந்தபின் இதில் உட்காருவான். சக்கரத்தின் மர ஆரக்கால்களைச் செதுக்கியது அவன் என்கிறார்கள். பந்தயத்தன்று முதலாளியின் தம்பி ஷினிச்சி ஸ்டீயரிங்கைப் பிடிக்க, பக்கத்து இருக்கையில் மெக்கானிக்காக அந்தப் பையன். அந்தக் காலத்தில் மெக்கானிக்கும் கூடவே போவார். எண்ணெய் அழுத்தம் பார்ப்பது, பம்ப் அடிப்பது, பின்னால் யார் வருகிறார் என்று கத்துவது எல்லாம் அவர் வேலை. நவம்பர் 23 அன்று அந்த வண்டி ஜெயித்தது. பையனுக்கு அப்போது பதினெட்டு வயது. பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா.

இப்படி ராணுவ மைதானம், குதிரைப் பந்தயத் திடல், கடலைத் தூர்த்த நிலம் என்று கிடைத்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு 1936ல்தான் சொந்தமாக ஒரு தளம் கிடைத்தது. டோக்கியோவுக்கும் கவாசாகிக்கும் நடுவே ஓடும் டாமா ஆற்றின் படுகையில், 1.2 கிலோமீட்டர் நீளத்தில் நீள்வட்டமான ஒரு மண் தளம். டாமாகாவா ஸ்பீட்வே. ஆற்றங்கரையின் சரிவையே படிக்கட்டாக்கி கான்கிரீட் போட்டுவிட்டார்கள், அதுதான் பார்வையாளர் மாடம். நம் ஊர்க் குளத்துப் படித்துறையை நீளமாக இழுத்துவிட்டதுபோல இருக்கும் என்று படங்களைப் பார்க்கும்போது தோன்றியது.

அங்கே ஜூன் 7 அன்று நடந்த முதல் பந்தயத்தில் இரண்டு சம்பவங்கள். ஒன்று, ஹோண்டா. அப்போது ஹமமாட்சுவில் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்துவிட்டார். ஃபோர்டு எஞ்சின் வைத்துத் தானே கட்டிய 'ஹமமாட்சு' வண்டியில், தம்பி பெஞ்சிரோவை மெக்கானிக்காக உட்காரவைத்து ஓட்டினார். வேகமாக வந்துகொண்டிருந்தபோது பழுதுபார்க்கும் இடத்திலிருந்து ஒரு கார் தளத்துக்குள் நுழைந்தது. மோதி, வண்டி பல்டியடித்து, அண்ணன் தம்பி இருவரும் தூக்கி எறியப்பட்டார்கள். இருவருக்கும் பலத்த அடி. சோய்ச்சிரோ பந்தயக்காரராக முடிந்தது ஏறக்குறைய அங்கேதான்.

இன்னொன்று ரோஷக் கதை. உள்நாட்டுச் சிறிய கார்களுக்கான பந்தயத்தில் நிஸ்ஸானின் டட்சன்தான் ஜெயிக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஓட்டா என்ற சிறிய கம்பெனியின் கார் ஜெயித்துவிட்டது. நிஸ்ஸான் தலைவர் யோஷிசுகே அயுகாவாவுக்கு அது பொறுக்கவில்லை. உடனே தனியாகப் பந்தயக் கார் செய்யுங்கள் என்று உத்தரவு போட்டார். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்துக் கட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதே ஆற்றுப்படுகைக்குத் திரும்பி வந்து ஜெயித்தார்கள். நிஸ்ஸானின் பந்தய வரலாறு அவமானத்தில் தொடங்கியது என்று நான் சொன்னால் நிஸ்ஸான் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அப்படித்தான் தொடங்கியது. அவர்களுக்கு இரண்டாம் முறையும் அவமானம்தான் உதவியது, பின்னால் சொல்கிறேன்.

போர் வந்தது, டாமாகாவா நின்றது. பிறகு அது பேஸ்பால் குழு ஒன்றின் பயிற்சி மைதானமாக இருந்தது. கரையில் அந்தப் படிக்கட்டுகள் மட்டும் எண்பது ஆண்டுக்கு மேல் கிடந்தன. வெள்ளத்துக்காகக் கரையைப் பலப்படுத்த வேண்டும் என்று 2021ல் இடித்துவிட்டார்கள்.

நடுவில் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். கென்சோ டாடா. (நம் டாடா அல்ல.) 1930ல் தன்னந்தனியாக பிரிட்டன் அருகே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போய், அங்கே நடக்கும் டிடி (டூரிஸ்ட் டிராஃபி) பைக் பந்தயங்களில் ஒன்றான ஜூனியர் டிடியில், வெலோசெட் 350 பைக்கை ஓட்டி 15வதாக வந்தார். அந்தத் தீவின் மலைச் சாலையில் ஓட்டிய முதல் ஆசியர் அவர். ஹோண்டா அங்கே போவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்னால். உங்கள் நண்பரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

இப்போது உங்களை உறுத்திய அந்த வரிக்கு வருகிறேன்.

போருக்குப் பின் ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்ட பைக் கம்பெனிகள் இருந்தன. லைலாக், மெகுரோ, டோஹாட்சு, கேப்டன், ரிக்குவோ என்று இன்று பழைய வண்டி சேர்ப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர்கள். இவர்களில் யார் வண்டி நல்லது? 1955 நவம்பரில் அசாமா எரிமலையின் அடிவாரத்தில், கிட்டா-கருய்சாவாவில், எல்லாரும் கூடினார்கள். ஊர்ச் சாலைகளை இணைத்து ஒரு சுற்று. பெயர்தான் சாலை, கால் வைத்தால் எரிமலைச் சாம்பலும் சரளையும். முன்னால் போகிறவன் கிளப்பும் கருந்தூசியில் பின்னால் வருகிறவனுக்கு வளைவு எங்கே இருக்கிறது என்பதே குத்துமதிப்புதான். டயர் பிடிக்காது. பிரேக்கை நம்ப முடியாது. வண்டி எந்நேரமும் பக்கவாட்டில் வழுக்கும், அந்த வழுக்கலிலேயே ஓட்ட வேண்டும்.

125 சிசியில் அந்த ஆண்டு ஜூலையில்தான் பிறந்திருந்த யமஹா முன்வரிசையை அள்ளிக்கொண்டு போனது. ஹோண்டாவுக்கு அங்கே பெரிய அடி. 250 சிசியில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜெயித்தது லைலாக், சங்கிலிக்குப் பதில் தண்டில் ஓடும் வண்டி. அதைச் செய்த மசாஷி இட்டோ, ஹமமாட்சுவில் ஹோண்டாவின் பட்டறையிலேயே தொழில் படித்த சிஷ்யர். குருவின் 250ஐ சிஷ்யனின் 250 தோற்கடித்தது. ஓட்டியவன் ஃபூமியோ இட்டோ என்ற பையன், வயது பதினாறு! முதலாளிக்கும் அவனுக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். எட்டு ஆண்டு கழித்து, 1963ல், அதே பையன் யமஹாவில் பெல்ஜியம் கிராண்ட் பிரீயை ஜெயித்தான்.

பொதுச்சாலையில் இனி கூடாது என்றானபின் கம்பெனிகளே சேர்ந்து அங்கேயே 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமான தனித் தளம் அமைத்தார்கள். அதுவும் சாம்பல் தரைதான். 1957லும் 1959லும் அங்கே ஓடினார்கள். 1959ல் ஹோண்டா தன் நான்கு சிலிண்டர் 250ஐ முதன்முதலாக வெளியே கொண்டுவந்தது அந்தப் புழுதியில், பட்டன் டயர் போட்டு. ஐரோப்பியத் தார்ச்சாலையில் எல்லாரையும் நடுங்கவைக்கப்போகும் எஞ்சின் பரம்பரை எருமைத்தடம் போன்ற பாதையில் நடை பழகியது. அதே கூட்டத்தில் மோட்டோ கிட்டானோ என்ற பதினெட்டு வயது அமெச்சூர், கடையில் விற்கும் ஹோண்டா சிபி92ஐ ஓட்டி, 125 சிசியில் ஹோண்டாவின் சொந்தத் தொழிற்சாலைப் பைக்குகளையே முந்தி ஜெயித்தான். அன்று மாலை தொழிற்சாலை அணியின் கூடாரத்துக்குள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதைக் கேட்க எனக்கு ஆசை.

அந்த ஆண்டு ஜூனில்தான் ஹோண்டா முதன்முறையாக ஐல் ஆஃப் மேன் போய் வந்திருந்தது. டிடியில் ஓடுவோம் என்று ஹோண்டா அறிவித்தது 1954 மார்ச்சில். அந்தப் பந்தயத்தை சோய்ச்சிரோ ஹோண்டா கண்ணால் பார்த்தது அதற்குப் பிறகு, அதே 1954 ஜூனில்! அதே அளவு எஞ்சினில் ஜெர்மன் என்எஸ்யூ வெளிக்கொண்டுவந்த சக்தி தன்னுடையதைப்போலப் பலமடங்கு என்று கண்டு ஆடிப்போனார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற ஐந்து ஆண்டு ஆயிற்று. 1959ல் நவோமி டானிகூச்சி 125 சிசியில் ஆறாவது. கூடப் போனவர்களில் மூவர் ஏழு, எட்டு, பதினொன்று. யாரும் மேடை ஏறவில்லை, ஆனால் இந்த வண்டிகள் பத்திரமாகக் கரை சேர்ந்ததால் அணிப் பரிசு அவர்களுக்கு. சாம்பல் தரை கற்றுக்கொடுத்தது இதைத்தான் என்பது என் கட்சி. வளைவில் சாயும் கலையை அது கற்றுத்தரவில்லை. வண்டி உடையாமல் இருப்பதைக் கற்றுத்தந்தது. சாய்வதை ஐரோப்பாவில் விழுந்து எழுந்து படித்தார்கள், அதிக நாளும் ஆகவில்லை. 1961 மே மாதம் ஹாக்கன்ஹைமில் 250 சிசி பந்தயத்தை குனிமிட்சு டகாஹாஷி ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ ஒன்றை வென்ற முதல் ஜப்பானியர். வயது 21. அடுத்த ஆண்டு ஐல் ஆஃப் மேனில் விழுந்து சாகக் கிடந்தார். தேறி எழுந்து காருக்கு மாறி, 1999 வரை ஓட்டினார்.

"பணத்தைக் கொட்டி" என்று நண்பர் சொன்னாரல்லவா, அதற்கு அவருக்கு வலுவான சாட்சி ஒன்று நானே தருகிறேன். எர்ன்ஸ்ட் டெக்னர், கிழக்கு ஜெர்மனியின் எம்இஸட் அணி வீரர். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் ரகசியங்களை வால்ட்டர் காடன் என்ற மேதை அந்த அணியில்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். புகைக்குழாயின் வடிவத்தை மாற்றி, வெளியேறும் அலையையே திருப்பி எஞ்சினுக்கு வேலை செய்யவைக்கும் வித்தை. பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதம் சற்றே கடந்திருந்த 1961 செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயம் முடிந்ததும் டெக்னர் தப்பி ஓடினார். மனைவியும் குழந்தைகளும் காருக்குள் ஒளிந்து மேற்கே வந்து சேர்ந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. மறு ஆண்டே 50 சிசியில் சுசுகிக்கு முதல் உலகப் பட்டம், ஓட்டியவர் டெக்னரேதான். எண்பதுகளில் டூ-ஸ்ட்ரோக் பைக் வைத்திருந்த நம்மில் யாரும் அந்த சைலன்சரின் உப்பிய வயிற்றைத் தட்டும்போது காடனை நினைத்ததில்லை. நானும்தான். கரி பிடித்தால் அடுப்பில் வாட்டி எடுக்கச் சொல்வார் என் மெக்கானிக், எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

டெக்னர் பெயரை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். சுசூகாவின் 'டெக்னர் வளைவு' அவர்தான். 1962 நவம்பரில் அந்தத் தளத்தின் தொடக்கப் பந்தயத்தில் அங்கே விழுந்தார். ஜெயித்ததற்காக அல்ல, விழுந்ததற்காக ஒருவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் பட்டப்பெயர் வைப்பதுபோல. அடுத்த ஆண்டு அதே சுசூகாவில் தீக்காயம் பட்டு, பலமுறை தோல் ஒட்டு சிகிச்சை செய்துகொள்ளவேண்டி வந்தது அவருக்கு.

சுசூகா எட்டு வடிவில் தன்னையே குறுக்கே கடக்கும் தளம் என்பது தெரிந்த விஷயம். தெரியாதது, அது மேட்டின்மேல் ஏன் இருக்கிறது என்பது. முதல் திட்டம் சமதளத்து வயல்களை நோக்கித்தான் இருந்தது. நெல் விளையும் நிலத்தை அழிக்கக் கூடாது என்று ஹோண்டா சொல்லிவிட்டார். சோறில்லாத போர்க்காலத்தைப் பார்த்த தலைமுறையின் பேச்சு அது. தளம் பக்கத்துக் குன்றுகளுக்கு ஏறியது. நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் தளத்தை நடத்திக்கொண்டிருந்த ஜான் ஹூகன்ஹோல்ட்ஸ் வந்து வரைபடத்தைத் திருத்திக்கொடுத்தார். இன்று ஓட்டுநர்கள் எல்லாம் புகழும் அந்த ஏற்ற இறக்கம் நெல்லுக்குக் கொடுத்த மரியாதையில் வந்தது.

அங்கே 1963ல் முதல் ஜப்பான் கிராண்ட் பிரீ. கம்பெனிகள் நேரடியாக இறங்கக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். பிரின்ஸ் என்ற கம்பெனி அந்தப் பேச்சை நம்பி சும்மா இருந்து மண்ணைக் கவ்வியது. மற்றவர்கள் பேச்சை எவ்வளவு காப்பாற்றினார்கள் என்பதை டொயோட்டாவின் வெற்றிப் பட்டியலைப் பார்த்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பிரின்ஸில் இருந்தவர்கள் போர்க்கால விமானக் கம்பெனிகளிலிருந்து வந்த எஞ்சினியர்கள். அடுத்த ஆண்டுக்குள் நான்கு சிலிண்டர் ஸ்கைலைன் காரின் மூக்கை வெட்டி 20 சென்டிமீட்டர் நீட்டி, அதற்குள் பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தார்கள். எதிரே வந்து நின்றதோ போர்ஷே 904, பிறவிப் பந்தயக் கார். குடும்பக் காரோடு அதற்கு என்ன போட்டி? ஆனாலும் ஏழாவது சுற்றில் டெட்சு இகுசாவாவின் ஸ்கைலைன் போர்ஷேயை முந்திக்கொண்டு மாடத்தின் முன்னால் வந்தது. ஒரே ஒரு சுற்று. போர்ஷேதான் ஜெயித்தது. அந்த ஒரு சுற்றை வைத்து ஸ்கைலைன் இன்றுவரை பிழைக்கிறது. பிரின்ஸ் அந்தத் தோல்வியிலிருந்து ஆர்380 என்ற அசல் பந்தயக் காரைக் கட்டி, 1966ல் போர்ஷேயைப் பழிவாங்கியது. அதே ஆண்டு பிரின்ஸ் நிஸ்ஸானோடு இணைக்கப்பட்டது. இரண்டாம் அவமானம் என்றேனே, இதுதான். பட்டது பிரின்ஸ், லாபம் நிஸ்ஸானுக்கு.

விமானக்காரர்கள் என்றதும் இன்னொன்று. 1965 மெக்சிகோவில் ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. அணித் தலைவர் யோஷியோ நகமுரா முன்னாளில் நகஜிமா விமானக் கம்பெனி எஞ்சினியர். மெக்சிகோ நகரம் 2200 மீட்டருக்கு மேல் உயரம், காற்று மெலிவு. அந்தக் காற்றில் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் கொடுப்பது என்பது மற்ற அணிகளுக்குத் தலைவலி. விமான எஞ்சினோடு வளர்ந்தவருக்கு அது பழைய பாடம்.

ஃபூஜியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க நாஸ்கார் பந்தயத்துக்கென்று நீள்வட்டமாகத் திட்டமிட்டு, பாதியில் கைவிட்டு, சாதாரணத் தளமாக மாற்றியது அது. கைவிடுமுன் கட்டிவிட்ட ஒரே ஒரு செங்குத்துச் சரிவு வளைவு, 30 பாகை, அப்படியே நின்றது. நேர்சாலையின் முழுவேகத்தில் வந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் விழுவதுபோல அதற்குள் இறங்க வேண்டும். 1974 ஜூனில் அங்கே நடந்த விபத்தில் ஹிரோஷி கசாட்டோ, செய்ச்சி சுசுகி இருவரும் இறந்தபின் அதை மூடினார்கள்.

அந்த வளைவு போக மிஞ்சிய தளத்தில்தான் 1976ல் ஹன்ட்டும் லாவுடாவும் மழையில் ஃபார்முலா ஒன் பட்டத்துக்குப் போட்டியிட்ட அந்தப் பந்தயம். எல்லாரும் அவர்களைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் பார்ப்பது பத்தாவது இடத்தில் நின்ற கறுப்பு காரை. கியோட்டோவில் கட்டிய கோஜிமா, ஓட்டியவர் மசாஹிரோ ஹசேமி. தகுதிச் சுற்றில் முன்னணிக்காரர்களே திரும்பிப் பார்க்கும் வேகம் காட்டிவிட்டு, மோதி காரை நொறுக்கிவிட்டார். பந்தயத்துக்குள் அதை ஏறக்குறையப் புதிதாகவே கட்டவேண்டி வந்தது. போட்டி அணிக்காரர்கள் உட்பட ஊர்ப்பட்ட மெக்கானிக்குகள் கூடி இரவெல்லாம் வேலை செய்தார்கள். கடைசியில் ஹசேமி பதினோராவது. ஆனால் அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்று அவர் பெயரில் அறிவிக்கப்பட்டது. கணக்கெடுத்ததில் பிழை, அது பிரெஞ்சு வீரர் லஃபீத்துக்குரியது என்று அமைப்பாளர்கள் பிறகு திருத்தினார்கள். திருத்தம் பல பட்டியல்களை எட்டவே இல்லை. இன்றும் பல புள்ளிவிவரங்களில் ஹசேமி பெயர் இருக்கிறது. எனக்கு அதில் ஆட்சேபமில்லை. அன்று அவர்மட்டுமா, கசுயோஷி ஹோஷினோ ஒரு பழைய டிர்ரெல் காரில் மழைக்குள் மூன்றாம் இடம்வரை ஏறி, மாற்றிப்போட டயர் தீர்ந்துபோய் நின்றார். பணத்தைக் கொட்டியவர்கள் என்றாரே உங்கள் நண்பர்!

நரேனைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2019 நவம்பர் 24 அன்று ஜப்பானின் சூப்பர் ஜிடி, ஜெர்மனியின் டிடிஎம் ஆகிய தொடர்களின் கார்கள் சேர்ந்து ஓடிய இரண்டாவது பந்தயத்தை அவர் ஜெயித்தது இதே ஃபூஜியில்தான். மறுபடி அந்த வீடியோவைப் போட்டால் முதல் வளைவைக் கவனியுங்கள். கார்கள் பிரேக் பிடித்து வலப்பக்கம் திரும்பும் இடத்தைத் தாண்டி, பழைய தளம் நேரே போய்க்கொண்டிருந்தது. சரிவின் ஒரு துண்டை நினைவிடமாக விட்டுவைத்திருக்கிறார்கள்.

எப்போதாவது ஜப்பான் போனால் சுசூகாவோடு திரும்பிவிடாதீர்கள். மோட்டேகியில் ஹோண்டாவின் காட்சியகம் இருக்கிறது. அந்த கர்ட்டிஸ் வண்டி அங்கேதான். சக்கரத்தைக் குனிந்து பாருங்கள், ஆரக்கால் மரம்.

அன்புடன்.